ஒரு மனிதருக்கு இரண்டு திவசம்

பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஒரு வாரப் பத்திரிகையில் நான் ஒப்புநோக்குநராக இருந்தேன். அச்சுக்குப் போகுமுன் எழுத்துப் பிழை பார்ப்பதுதான் வேலை. தொண்ணூற்றொன்றில் ஒரு நாள் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, மூன்றாம் பக்கத்தின் கீழ்ப்பாதி சும்மா கிடக்கிறது, எதையாவது போட்டு நிரப்பும் பிள்ளை என்றார். முன்பு அந்த இடத்தில் கடை விளம்பரங்கள் வரும். கடைகளில் சவர்க்காரமும் இல்லை, நெருப்புப்பெட்டியும் இல்லை. இல்லாத சாமானுக்கு யார் விளம்பரம் கொடுப்பார்கள்? அப்படித்தான் 'இந்த வாரத்தில்' என்ற பகுதி என் தலையில் விழுந்தது. உலகத்திலும் ஊரிலும் முன்னொரு காலத்தில் அந்தந்த வாரத்தில் நடந்தவற்றைத் திகதிவாரியாக எழுத வேண்டும்.

கைவசம் இருந்தவை இரண்டு பழைய டயறிகளும், மட்டை கழன்ற ஒரு பொது அறிவுப் புத்தகமும், அலுமாரிக்கு மேலே தூசி பிடித்துக் கிடந்த பழைய பஞ்சாங்கங்களும்தான். பத்திரிகையோ கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகிக்கொண்டிருந்தது. நீலக் கோட்டுக்கு மேலே கறுப்பு எழுத்து ஏறினால் எட்டுக்கும் மூன்றுக்கும் வித்தியாசம் தெரியாது. அதில் திகதிகளை எழுதச் சொன்னால் எப்படி இருக்கும்? அதோடு, உலகம் கொண்டாடும் நாட்களுக்கு எங்களைப் பார்த்தால் ஒரு நையாண்டி. ஒக்டோபர் நடுவில் உலக உணவு நாள் வரும். அந்த வாரம் நாங்கள் கூட்டுறவுச் சங்கக் கடை வாசலில் சீனி வருமா என்று வரிசையில் நிற்போம். அதற்கு அடுத்த வாரம் முதல் மின்குமிழ் எரிந்த நாள் வரும். ஊரில் கரண்ட் நின்று வருசக்கணக்கு. அதை எழுதிவிட்டு வீட்டுக்குப் போய் ஜாம் போத்தலுக்குள் திரி போட்டு விளக்குக் கொளுத்துவேன். எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

எரிச்சலை வளர்க்க வாசகர்களும் இருந்தார்கள். தபால் ஒழுங்காகப் போகாத காலத்திலும் எனக்கு மாத்திரம் கடிதங்கள் ஒழுங்காக வந்தன. சந்திரனில் மனிதன் இறங்கிய நாள் ஜூலை மாதம் இருபதாம் திகதி என்று எழுதினேன். புத்தூரிலிருந்து ஒருவர் ஒன்றரைப் பக்கத்தில் எழுதினார்: அது அமெரிக்காவின் நேரம், எங்களுடைய நேரத்துக்கு அது இருபத்தோராம் திகதி திங்கட்கிழமை விடியற்காலை, தான் அன்று வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றபடியால் நன்றாக ஞாபகம் இருக்கிறதாம், பத்திரிகை யாருக்காக நடத்துகிறீர்கள், அமெரிக்கனுக்கா புத்தூரானுக்கா என்று கேட்டிருந்தார். கணக்குப் பார்த்தேன். மனிதர் சொன்னது சரிதான். அதுதான் இன்னும் எரிச்சல்.

ஊர்க்காரர் நேரிலேயே வந்தார்கள். எங்கள் வாசிகசாலைக்கு வெள்ளிவிழா, எங்கள் பிள்ளையாருக்குக் கும்பாபிஷேகம் நடந்து பன்னிரண்டு வருசம், அதைப் போடுங்கோ என்பார்கள். சிலர் இந்த நாளைக் கட்டாயம் போட வேண்டும் என்று சொல்ல வந்தார்கள். சிலர் அந்த நாளைப் போடவே கூடாது என்று சொல்ல வந்தார்கள். அவர்களுக்கெல்லாம் ஆசிரியர் கதிரை போட்டு இருக்கச் சொல்வார். பிறகு என்னைக் கைகாட்டிவிட்டு அச்சுக்கூடத்துக்குள் போய்விடுவார்.

ஆனால் வெளியார் தந்த கரைச்சல் எல்லாம் ஒரு பங்கென்றால், வீட்டில் இருந்த கரைச்சல் ஒன்பது பங்கு. ஊருலகத்துத் திகதியெல்லாம் எழுதுகிறவளான எனக்கு என் அப்பா எந்த நாளில் இறந்தார் என்று தெரியாது. எனக்கு மட்டுமல்ல, அப்போது அவர் பக்கத்தில் இருந்த என் இரண்டு தமையன்மாருக்கும் தெரியாது. தெரியாது என்று ஒப்புக்கொண்டிருந்தால் பரவாயில்லை. இரண்டு பேருக்கும் நிச்சயமாகத் தெரியும், ஆனால் வேறு வேறு நாள்.

எண்பத்தேழாம் ஆண்டு ஒக்டோபரில் பெரிய சண்டை தொடங்கியபோது நான் புத்தூரில் சின்னம்மா வீட்டில் அகப்பட்டுக்கொண்டேன். நாள் முழுக்க ஊரடங்கு. என் வீட்டார் எங்கள் ஊரை விட்டு நான்கு மைல் தள்ளியிருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் போய் ஒதுங்கியிருந்தார்கள். அப்பா தொய்வு வருத்தக்காரர். மருந்து இல்லாவிட்டால் மூச்சு இழுக்கத் தொடங்கிவிடும். கொண்டுபோன மருந்து ஒரு நாளோடு முடிந்து, காய்ச்சலும் பிடித்துவிட்டது. அந்தப் பள்ளிக்கூடத்திலேயே அவர் இறந்தார். பின்வளவில் இருந்த தென்னங்காணிக்குள் சத்தம் அடங்கிய நேரம் பார்த்து அவசரமாக எரித்தார்கள். நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து பத்து நாளுக்கு மேல். அம்மா என் தலையைத் தடவினார். எந்த நாள் என்று நான் அப்போது கேட்கவில்லை.

அந்தக் கேள்வி வந்தது முப்பத்தோராம் நாள் நெருங்கியபோது. எங்கள் பக்கத்தில் அன்று அந்தியேட்டி என்ற கிரியை செய்து, இறந்தவரின் படமும் வரலாறும் போட்ட கல்வெட்டு என்ற புத்தகம் அச்சடித்துக் கொடுப்பது வழக்கம். அதன் முதற் பக்கத்தில் திதி வெண்பா இருக்கும். இன்ன வருசம், இன்ன மாதம், வளர்பிறையோ தேய்பிறையோ, இன்ன திதி என்று நான்கு வரியில் கட்டிவிடுவார்கள். பிறகு பரம்பரைக்கும் அந்தத் திதியில்தான் திவசம். வெண்பா எழுதும் புலவர் வந்து திதி என்ன என்று கேட்டார். பெரியண்ணை ஏகாதசி என்றார். சின்னண்ணை துவாதசி என்றார். அவர்கள் முடிவெடுக்கட்டும் என்று புலவர் எழுந்து போனார். கல்வெட்டு கடைசிவரை அச்சாகவில்லை.

பெரியண்ணை கமக்காரர், வெங்காயமும் புகையிலையும் செய்பவர். அவருடைய கணக்கு நேரானது: நாங்கள் வெள்ளிக்கிழமை வீட்டை விட்டு வெளிக்கிட்டோம், மூன்றாம் நாள் விடிய அப்பா போனார், ஆகவே ஞாயிற்றுக்கிழமை. சின்னண்ணை தபாற்கந்தோரில் வேலை. இருபது வருசமாகக் காலையில் திகதி முத்திரையைத் திருப்பிவைத்தே கை பழகியவர். அவர் எதிர்ப்பக்கமாக எண்ணினார்: தீபாவளி புதன்கிழமை, அதற்கு இரண்டு நாள் முந்தி அப்பா போனார், ஆகவே திங்கட்கிழமை. தீபாவளியன்று பள்ளிக்கூடத்தில் யாரோ குழந்தைகளுக்கு ஆளுக்கொரு கடி வெல்லம் கொடுத்தார்கள், அதிலிருந்து எண்ணித்தான் சொல்கிறாராம். பத்திரிகை இல்லை, வானொலி இல்லை, பகலும் இரவும் ஒன்றாய்ப் போன அந்தக் கிழமையில் ஒரு நாள் நழுவுவது பெரிய காரியம் இல்லை. ஆனால் என் தமையன்மாரிடம் அதைச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

போதாக்குறைக்குப் பெரியண்ணை வீட்டில் வாக்கிய பஞ்சாங்கம், சின்னண்ணை பெண் எடுத்த வீட்டில் திருக்கணித பஞ்சாங்கம். திதி தொடங்கும் நாழிகை இரண்டிலும் வேறு. ஐயரிடம் கேட்டோம். இரண்டும் சாத்திரம்தானே என்றார். அவருக்கென்ன, இரண்டு வீட்டிலும் அரிசியும் காய்கறியும் தானம் கிடைக்கும்.

முதல் ஆண்டு முடியச் செய்யும் ஆட்டைத் திவசம் தொடக்கம் ஆண்டுதோறும் இரண்டு. முதல் நாள் பெரியண்ணை வீட்டில், மறுநாள் சின்னண்ணை வீட்டில். இரண்டு நாளும் குசினியில் நின்று புகை குடித்தது யார்? நான்தான். கலியாணம் ஆகாதவள், வேறு என்ன வேலை என்ற எண்ணம் அண்ணைமாரைக் கட்டிய மச்சாள்மார் இரண்டு பேருக்கும். வாழைக்காயும் பூசணியும் பயற்றங்காயும் நறுக்கி, பருப்புக்கு எங்கெங்கோ சொல்லிவைத்து, நேற்று வைத்த அதே கறிகளை இன்றும் வைத்து, நேற்றுக் கூப்பிட்ட அதே காகத்தை இன்றும் கூப்பிட வேண்டும். அந்தக் காகமாவது ஒரு முடிவு சொல்லியிருக்கலாம், அதுவும் இரண்டு வீட்டிலும் தின்றது. அம்மா என்னோடு எங்கள் வீட்டில் இருந்தார். இரண்டு வீட்டுக்கும் போய், இரண்டு இடத்திலும் ஒரு மூலையில் இருந்துவிட்டு வருவார். எது சரியென்று யாராவது கேட்டால், எனக்கு அந்த நேரம் நினைவே இல்லை என்பார்.

பெரியண்ணை வீட்டுத் திவசத்தில் எனக்குத் தாங்க முடியாத ஒன்று இருந்தது. சாப்பிட்டு முடிந்து வெற்றிலைத் தட்டம் வந்ததும் அவர் அந்தக் கதையைத் தொடங்குவார். அவர் அளவெட்டியில் தான் விரும்பிய பெண்ணைக் கட்டியவர். அதற்காக அப்பா நான்கு வருசம் அவரோடு கதைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பறையில் பாய் விரித்திருந்தும் முகம் கொடுக்கவில்லை. கடைசி நாள் விடியப்புறம் பெரியண்ணை செல் குண்டுகள் விழுந்துகொண்டிருந்த நேரத்தில் கிணற்றடிக்குத் தவழ்ந்துபோய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, பஞ்சில் நனைத்து அப்பாவின் வாயில் விட்டார். அப்பா குடித்தார். கொஞ்ச நேரத்தில் உயிர் போய்விட்டது. ஒவ்வொரு வருசமும் அதே சொல், அதே இடத்தில் நிறுத்தம்.

"அப்பா என்ரை கையாலை குடிச்சவர். கடைசியிலை என்ரை கையாலைதான் குடிச்சவர்."

சொல்லிவிட்டுச் சால்வையால் முகத்தைத் துடைப்பார். நான் குசினிக்குள் பாத்திரங்களைச் சத்தமாக அடுக்குவேன். ஐந்தாம் தடவையும் அதே கதையைக் கேட்க யாருக்குத்தான் பொறுமை இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

தொண்ணூற்றிரண்டில் இரண்டு திவசமும் முடிந்த பிறகு என் மச்சாள்மார் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒத்துப்போனார்கள். அரிசி விற்கிற விலையில் ஒரு மனிதருக்கு இரண்டு திவசம் கட்டாது, ஒன்றாக்குங்கள் என்றார்கள். தமையன்மார் இரண்டு பேரும் ஒரு ஞாயிறு மாலை எங்கள் வீட்டுக்கு வந்து, என்னை நடுவராக வைத்தார்கள். நான் அன்று அங்கே இல்லாதவள், ஆகவே பக்கச்சார்பு இல்லை. பத்திரிகையில் திகதி எழுதுகிறவள், ஆகவே கண்டுபிடிக்கத் தெரியும். சின்னண்ணை சொன்னது இது:

"சந்திரனிலை இறங்கினவனுக்கு நாள் கண்டுபிடிச்சனீ. பெத்த தேப்பனுக்குக் கண்டுபிடி பாப்பம்."

நீங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் இருந்துவிட்டு என்னை ஏன் அலைக்கழிக்கிறீர்கள் என்று கத்தினேன். கத்தினாலும் மறுநாளே அலுவலகத்தில் எண்பத்தேழாம் ஆண்டுப் பஞ்சாங்கத்தைத் தூசி தட்டி எடுத்துவிட்டேன். திகதி என்று வந்தால் என்னால் விட முடியாது. அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியிருந்தவர்களைத் தேடிப் போய்க் கேட்டேன். ஒருத்தி தன் ஆடு குட்டி போட்டதுக்கு மறுநாள் என்றாள். ஆடு எப்போது குட்டி போட்டது என்று கேட்டால், உங்கடை அப்பா செத்ததுக்கு முதல் நாள் என்றாள்.

கடைசியில் அந்தப் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் வட்டுக்கோட்டையில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, சைக்கிளில் போனேன். வெயிலும் எதிர்க்காற்றும். வழியில் சங்கிலி இரண்டு தரம் கழன்றது. வாத்தியார் என் கதையைக் கேட்டுவிட்டு, உள்ளே போய், மாணவர் வரவு பதியும் ஒரு வகுப்பு இடாப்பைக் கொண்டுவந்தார். வாத்தியார்மாருக்கு இடாப்பு இல்லாமல் ஆட்களை எண்ணத் தெரியாது. பொழுதுபடக் கஞ்சி ஊற்றுவதற்காகக் குடும்பம் குடும்பமாகப் பெயர் எழுதி, நாளுக்கு நாள் வரவு போட்டிருக்கிறார். தலைப்பில் கிழமையும் திகதியும் மணிமணியான எழுத்தில். அப்பாவின் பெயருக்கு நேரே வெள்ளி வரவு, சனி வரவு. ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் சிவப்பு மையால் 'விடியற்காலை காலமானார்' என்று எழுதியிருந்தார்.

திரும்பி வரும்போது காற்றும் எனக்குப் பின்னால் இருந்தது. பெரியண்ணை சரி, சின்னண்ணை பிழை. எழுத்தில் இருக்கிறது, இனி யாரும் வாய் திறக்க முடியாது. அடுத்த வருசம் ஒரே ஒரு நாள் புகை குடித்தால் போதும் என்ற சந்தோசம் வேறு. வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவிடம்தான் முதலில் சொன்னேன். அவர் குசினிக்குள் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். நான் இடாப்பைப் பற்றிச் சொல்லி முடிக்குமட்டும் கை நிற்கவில்லை. பிறகு சுளகைத் தள்ளி வைத்தார்.

"ஞாயிறும் இல்லை, திங்களும் இல்லை. சனிக்கிழமை. புரட்டாதிக் கடைசிச் சனி, பொழுது படேக்கை."

நான் வாத்தியார் எழுதி வைத்திருக்கிறார் என்றேன். சனிக்கிழமை பொழுதுபட அப்பாவுக்குக் கஞ்சி கொடுத்ததாக வரவு இருக்கிறது என்றேன்.

"அவரின்ரை பங்கையும் நான்தான் வாங்கினனான்," என்றார் அம்மா. "ஆருக்கும் தெரியக் கூடாதெண்டு."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார், அழாமல், நடுவில் ஒரு தடவை மாத்திரம் தண்ணீர் குடித்துக்கொண்டு. புரட்டாதிச் சனிக்கு அம்மா ஒவ்வொரு வருசமும் விரதம் இருந்து கோயிலில் எள்ளெண்ணெய் எரிப்பவர். அப்பாவுக்குச் சனி மாற்றம் சரியில்லை என்று அந்த வருசம் முதல் நான்கு சனியும் விடாமல் எரித்திருக்கிறார். ஐந்தாவதும் கடைசியுமான சனிக்குக் கோயிலுக்குப் போக முடியாமல் வகுப்பறையில் இருந்தபடியால், அந்த நாளை அவரால் மறக்கவே முடியாது. அன்று சூரியன் இறங்குகிற நேரம் அப்பாவின் தலை அம்மாவின் மடியில் இருந்தது. தண்ணீர் கேட்டார். அறையில் ஒரு சொட்டும் இல்லை. மூச்சு இழுத்தது, இழுத்தது, நின்றது. அதே அறையில் பதினான்கு குடும்பம் குழந்தை குட்டிகளோடு. மதிலுக்கு அந்தப் பக்கம் றோட்டில் இராணுவம். விளக்குக் கொளுத்தக் கூடாது, குழந்தை அழுதாலும் வாயைப் பொத்து என்று எல்லோரும் அடங்கிக் கிடந்த நேரம்.

"சொன்னா என்ன நடக்கும்? உன்ரை கொண்ணைமார் ரண்டுபேரும் அந்த நேரமே ஐயரைத் தேடி, விறகு தேடி வெளிக்கிட்டிருப்பாங்கள். ஒருத்தனும் திரும்பி வந்திருக்க மாட்டான். நான் அவரைப் போத்துவிட்டு, நித்திரையாப் போனார் எண்டு சொல்லிப்போட்டு இருந்தனான்."

விடிகிற வரைக்கும் அந்தத் தலையை மடியில் வைத்திருந்திருக்கிறார். விடிந்ததும் சொல்லலாம் என்று இருந்தவரிடம், இருட்டு விலகுமுன் பெரியண்ணை செம்போடு தவழ்ந்து வந்து சேர்ந்தார். முழங்கையெல்லாம் உரசி இரத்தம். பஞ்சை நனைத்து அப்பாவின் உதட்டில் விட்டார். நெற்றியைத் தொட்டுவிட்டு, காய்ச்சல் விட்டிட்டுது அம்மா, குளிர்ந்திருக்கு என்றார். தண்ணீர் வாயோரத்தால் வழிந்தது. குடிக்கிறார் அம்மா என்றார்.

"அவன்ரை முகத்தைப் பாத்தாப் பிறகு நான் என்னெண்டு சொல்லுறது?"

கொஞ்ச நேரம் கழித்து, இப்போதுதான் போனார் என்று அம்மா சொன்னார். அதைத்தான் வாத்தியார் இடாப்பில் எழுதினார்.

எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, கோபம்தான். ஐந்து வருசம் இரண்டு வீட்டிலும் மூலையில் இருந்து பார்த்துக்கொண்டு ஒரு சொல் சொல்லாமல் இருந்தாரே என்ற கோபம். நாள் மட்டும் அல்ல, மாதமே பிழை. புரட்டாதி மாதத்துத் தசமியில் செய்ய வேண்டியதை ஐப்பசியில் ஏகாதசியா துவாதசியா என்று அடிபட்டுக்கொண்டிருக்கிறோம். இதைப் போய்ச் சொல்லப் போகிறேன் என்று எழும்பினேன். அம்மா என் கையைப் பிடித்தார். அவருடைய கையில் முருங்கையிலை ஒட்டியிருந்தது.

"பெரியவனுக்குச் சொல்லாதை பிள்ளை. அவனுக்கு அது ஒண்டுதான் கிடக்கு."

நான் உட்கார்ந்துவிட்டேன். பெரியண்ணை சால்வையால் முகம் துடைப்பதும், அந்த நேரம் நான் பாத்திரங்களைப் போட்டு அடித்ததும் எனக்கு நினைவு வந்தது. வெட்கமாக இருந்தது. திகதி சரியாக இருக்க வேண்டும் என்று ஊரெல்லாம் வாதாடுகிறவள் நான். சரியான திகதி கையில் கிடைத்தபோது அதை விழுங்க வேண்டியதாயிற்று.

அடுத்த ஞாயிறு தமையன்மார் தீர்ப்புக் கேட்க வந்தார்கள். வாத்தியாரின் இடாப்பு ஞாயிற்றுக்கிழமை என்கிறது, ஏகாதசிதான் திதி, பெரியண்ணை சொன்னதுதான் சரி என்றேன். எங்கும் பிசகாமல் சொன்னேன். பெரியண்ணை எழுந்து முற்றத்துக்குப் போய் நின்றார். சின்னண்ணைக்கு முகம் கறுத்துவிட்டது. சின்னனிலிருந்தே நீ அவரின்ரை பக்கம்தான் என்றார். இடாப்பைக் கொண்டுவந்து காட்டட்டுமா என்று கேட்டேன். வாத்தியார் கஞ்சிக்குக் கணக்கு எழுதினவர், அவருக்கு என்ன தெரியும் என்றார். அதில் அவர் நினைத்ததைவிட அதிக நியாயம் இருந்தது. அடுத்த வருசத் திவசத்துக்கு அவர் வரவில்லை. மறுநாள் தனியே தன் வீட்டில் துவாதசி செய்தார், ஐயரும் போனார். என்னோடு முகம் கொடுத்துக் கதைக்காமல் நெடுங்காலம் இருந்தார். தெருவில் கண்டால் சைக்கிளை விட்டு இறங்காமல் போவார். மச்சாள்மார் பழையபடி ஒத்துப்போகாதவர்களாகிவிட்டார்கள்.

மிச்சம் பிடிக்கப் புறப்பட்டு நான் கண்ட பலன் மூன்றாவது திவசம். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு புரட்டாதியில், தேய்பிறைத் தசமியன்று, அம்மாவும் நானும் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டுச் சமைத்தோம். ஐயர் இல்லை, எள் இல்லை, வருகிறவர் போகிறவர் இல்லை. ஒரு கறி, ஒரு பருப்பு, பாயசத்துக்குச் சீனி இல்லாமல் பனங்கட்டி. யாராவது படலையைத் தட்டினால் என்ன பொய் சொல்வது என்று ஒரு காதை வெளியே வைத்திருந்தேன். அன்று பகல் பத்திரிகைக்கு எழுதிக் கொடுக்க வேண்டியதும் முடியாமல் கிடந்தது. அந்த வாரத்துக்குப் புத்தகத்தில் எதைப் புரட்டினாலும் ஏதோ ஒரு மன்னன் முடிசூடியதும் ஏதோ ஓர் ஒப்பந்தம் கைச்சாத்தானதும்தான் இருந்தது. புகையில் கண் எரிந்தது. விறகு ஈரம். அம்மா இலையைப் போட்டுப் படைத்துவிட்டு, கும்பிட்டுவிட்டு, இலைக்கு முன்னால் இருந்தபடியே இருந்தார். சோறு ஆறிக்கொண்டிருந்தது. ஏன் அம்மா இன்னும் இருக்கிறீர்கள், எனக்குக் கந்தோருக்குப் போக நேரமாகிறது என்றேன்.

"சீவன் போனாப் பிறகு விட்ட தண்ணி அவருக்குச் சேர்ந்திருக்குமோ பிள்ளை?"

எனக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. இவ்வளவு காலமும் அவருக்கு எந்த நாள் என்பது ஒரு கேள்வியே இல்லை. நாள் அவருக்குத் தெரியும். தண்ணீர் கேட்ட மனிதரை வறண்ட தொண்டையோடு அனுப்பிவிட்டேனே, பிள்ளைகளைக் கூப்பிடாமல் விட்டேனே என்பதுதான் அவருக்குள் கிடந்தது. ஏகாதசி, துவாதசி என்று நாங்கள் சண்டை பிடித்த ஒவ்வொரு தடவையும் அவர் மூலையில் இருந்து இதைத்தான் யோசித்திருக்கிறார்.

"ஆறு வருசமா இதை மனசுக்குள்ளை வைச்சுக்கொண்டிருந்தனீங்களோ? என்னட்டை ஒரு நாளும் கேக்கேல்லையே," என்றேன்.

"உன்னட்டை என்னெண்டு கேக்கிறது? திவசமெண்டு வாயெடுத்தாலே நீ எரிஞ்சு விழுவாய்."

குறை சொல்லும் குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. வெயில் ஏறிவிட்டது என்று சொல்வது போலச் சொன்னார். ஊரெல்லாம் எழுதும் கடிதங்களுக்கு வரிக்கு வரி பதில் எழுதுகிறவள் நான். அதே வீட்டில் இருந்த அம்மாவுக்கு என்னிடம் ஒன்று கேட்கப் பயம். சேரும் அம்மா, கட்டாயம் சேரும் என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள், அவர் இலையிலிருந்து ஒரு பிடி சோற்றை எடுத்துக்கொண்டு காகத்தைக் கூப்பிடக் கிணற்றடிக்குப் போய்விட்டார்.